கோதுமைப்புல் சாறு: மாதக்கணக்கில் குடிக்கும்போது தெரிவது

ரத்தம் ஊறும் என்று நம்பிக் கோதுமைப்புல் சாற்றை மட்டும் குடித்துவந்தால் ஹீமோகுளோபின் பரிசோதனையில் ஏமாற்றம்தான் மிஞ்சும். புல்லின் பச்சையம் உடலில் ரத்தமாக மாறும் என்பதுதான் அந்த நம்பிக்கை. ஆனால் பச்சைய மூலக்கூறின் நடுவில் இருப்பது மக்னீசியம், ரத்தத்தின் ஹீமோகுளோபினில் இருப்பது இரும்பு. உடலுக்குள் ஒன்று மற்றொன்றாக மாறுவதில்லை. 30 மி.லி. சாற்றில் இரும்பு ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மி.கி. வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) 2020 பரிந்துரை. புரதமும் ஒரு கிராமுக்குள்தான். பி12 சத்துக்கு இதை நம்பவே கூடாது. நல்ல கீரை ஒன்றைச் சாறாகக் குடிக்கிறோம், அவ்வளவே.

இருக்கும் கொஞ்சத்தை உடல் எடுத்துக்கொள்வது, கூட எதைச் சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. தாவர இரும்பு உடலில் சேர வைட்டமின் சி துணை வேண்டும். சாற்றில் அது மிகக் குறைவு. அரை எலுமிச்சை பிழியலாம். ஒரு நெல்லிக்காயைச் சேர்த்து அரைப்பது அதைவிட நல்லது. குடித்த கையோடு காபி, டீ வேண்டாம். அவற்றிலுள்ள பாலிபீனால்கள் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது போகட்டும். பீட்டா கரோட்டின், வைட்டமின் கே இரண்டுக்கும் கொழுப்பு தேவை. அதனால் வெறும் வயிற்றில்தான் குடிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், தேங்காய்ச் சட்னியோ நெய்யோ உள்ள காலை உணவோடு குடிப்பதே மேல். வெறும் வயிற்றில் பலருக்குக் குமட்டவும் செய்யும்.

வளர்ப்பில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். விதைக் கடைக் கோதுமை வேண்டாம், பூஞ்சைக்கொல்லி கலந்து விதை நேர்த்தி செய்திருப்பார்கள். மளிகைக் கடை முழுக்கோதுமையை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, முளை எட்டிப் பார்த்ததும் தூவுங்கள். ஓரடிக்கு ஓரடி தட்டுக்கு 200 கிராம் போதும். நெருக்கித் தூவினால் காற்றோட்டம் இல்லாமல் பூஞ்சணம் பிடிக்கும். மூன்றாம் நாள் வேரில் தெரியும் வெள்ளைப் பஞ்சு வேர்த்தூவியாக, அதாவது வேரின் மெல்லிய இழைகளாக, இருக்கலாம். தண்ணீர் தெளித்தால் அது படிந்துவிடும். படியாமல் தண்டடியில் ஏறி, முடைநாற்றமும் அடித்தால் பூஞ்சணம். தட்டோடு கொட்டிவிடுங்கள், கழுவிப் பயன்படுத்த வேண்டாம்.

7 முதல் 10 நாளில், ஒரு சாண் உயரத்தில், இரண்டாம் இலை விரியும் முன் அறுக்க வேண்டும். பிந்தினால் நார் ஏறும், கசக்கும். 50 கிராம் புல்லைப் பொடியாக நறுக்கி, அரை டம்ளர் குளிர்ந்த நீர் விட்டு, மிக்ஸியை நிறுத்தி நிறுத்தி ஓட்டி, துணியில் பிழியுங்கள். உடனே குடியுங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மருந்து சாப்பிடுவோர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவோ, குடித்துக்கொண்டிருப்பதைத் திடீரென நிறுத்தவோ கூடாது. இதிலுள்ள வைட்டமின் கே அம்மருந்தின் வேலையைக் குறைக்கும். கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் ஒவ்வாதவர்களுக்கு ஆபத்து புல்லில் அல்ல, அறுக்கும்போது கூடவே வந்துவிடும் விதைத் துணுக்கில். வேருக்கு ஓர் அங்குலம் மேலே அறுத்தாலும் அது முழுதாய் விலகாது, அவர்கள் தவிர்ப்பதே நல்லது.