போன் போடறது, வரி போடறது, காசு குடுக்கறது, பூட்டு போடறது: ஃபேக்டரி ஓடிப் போகாம இருக்க எது உதவுது?

2025 ஆகஸ்ட்ல அமெரிக்காக்காரன் நம்ம சரக்கு மேல 50 சதவீத வரி போட்டான் இல்ல, அப்ப பெங்களூர்ல பீன்யா இண்டஸ்ட்ரியல் ஏரியா செகண்ட் ஸ்டேஜ்ல என் ஷெட்டுக்கு வந்துட்டிருந்த வால்வு பாடி ஆர்டர் ஒரே மெயில்ல நின்னு போச்சு. நேரா எக்ஸ்போர்ட் பண்றது நான் இல்ல, எனக்கு ஜாப் ஒர்க் குடுக்கறவருதான், ஆனா அடி என்னமோ நேரா எனக்குத்தான் விழுந்துச்சு. நாலு சிஎன்சி மெஷின் ஓடற எடத்துல ரெண்டு சும்மா நின்னா என்ன பண்றது, அன்னைக்கே நைட் ஷிஃப்டை நிறுத்திட்டேன். பக்கத்து ஷெட் குமாரண்ணன் டீக்கடைல சொன்னாரு (சேலத்துக்காரரு, இங்க வந்து முப்பது வருஷம், திட்டறதுக்கு மட்டும் கன்னடம்): "பாரு குரு, அவன் தலைவன் ஒரு போடு போட்டான், வேலை அவன் ஊருக்கே திரும்புது. நம்மாளுங்க ரிப்பன் வெட்டறதோட சரி."

நெஜமாவே திரும்புதான்னு பாக்கலாமேன்னு அன்னைலேர்ந்து தேடித் தேடி படிச்சதத்தான் இங்க எழுதறேன். ஒரு கம்பெனி வெளிநாட்டுக்கு மூட்டை கட்டும்போது அரசியல்வாதி கைல என்ன இருக்கு? எனக்குத் தெரிஞ்சு நாலு ஆயுதம். நாலுக்கும் ரிசல்ட் வேற வேற.

மொதல்ல போன் போடறது. இதுக்கு பேர் போன கேஸ் கேரியர், நம்மூர்ல ஏசி விக்கற அதே கேரியர்தான். 2016 பிப்ரவரில இண்டியானாபொலிஸ் ஃபேக்டரில ஃபர்னஸ் லைனை மெக்ஸிகோவுல மாண்டெரேக்கு மாத்தறோம், 1,400 வேலை போகுதுன்னு ஷாப் ஃப்ளோர்லயே நின்னு அறிவிச்சாங்க, ஒரு தொழிலாளி அத போன்ல வீடியோ எடுத்துட்டாரு, நாடு பூரா பரவிடுச்சு. டிரம்ப் அதப் புடிச்சுகிட்டு பிரச்சாரம் முழுக்கப் பேசி ஜெயிச்சு, பதவி கூட ஏக்கல, அதுக்குள்ள டீலை முடிச்சுட்டாரு. 800 வேலை தங்குச்சு, பதிலுக்கு மாநில அரசு 10 வருஷத்துல 70 லட்சம் டாலர் சலுகை. அந்தக் காசுக்காகத்தான் நின்னான்னு நீங்க நம்பினா உங்க இஷ்டம். அப்ப கேரியரோட தாய்க் கம்பெனி யுனைடெட் டெக்னாலஜிஸ், போர் விமான இஞ்சின் செய்யற பிராட் அண்ட் விட்னியும் அப்ப அவங்களோடதுதான், வருமானத்துல சுமார் பத்துல ஒரு பங்கு அமெரிக்க அரசாங்கம் குடுக்கற காசு, அது மனசுல இருந்துச்சுன்னு அவங்க சிஇஓவே ஒத்துகிட்டாரு. பெங்களூர்ல டிஃபென்ஸ் கம்பெனிகளுக்கு வெண்டரா இருக்கறவங்களுக்கு இது வெளக்கவே வேணாம், பெரிய கஸ்டமர் "கொஞ்சம் பேசணுமே"ன்னா அது பேச்சா என்ன.

ஆனா அதே கம்பெனியோட ஹண்டிங்டன் ஃபேக்டரில 700 வேலை சத்தமில்லாம மெக்ஸிகோ போச்சு. இண்டியானாபொலிஸ்லயே ரெக்ஸ்நார்டுன்னு பேரிங் செய்யற எடத்துல சுமார் 300 பேர், அதுக்கும் டிரம்ப் ட்வீட் போட்டாரு, போனது போனதுதான், வரப்போற மெக்ஸிகோ ஆளுங்களுக்கு இவங்களையே டிரெயினிங் குடுக்கச் சொன்னாங்க, இதவிட அவமானம் வேற இருக்கா தெரியல. கேரியர்லயே மிச்சம் 500க்கு மேல 2017 ஜூலைலேந்து 2018 ஜனவரிக்குள்ள லேஆஃப். தங்கின வேலைக் கணக்கை டிரம்ப் ஊதிச் சொல்றாருன்னு கேட்ட யூனியன் தலைவர் சக் ஜோன்ஸுக்கு கெடைச்சது ட்விட்டர்ல திட்டு. ஆக போன் வேலை செய்யும், கேமரா எங்க இருக்கோ அங்க மட்டும், அதுவும் கம்பெனிக்கு கவர்மெண்டே கஸ்டமரா இருந்தா.

வரி போடறது ரெண்டாவது, குமாரண்ணனுக்குப் புடிச்சது. 2018 ஜனவரில வெளிநாட்டு வாஷிங் மெஷினுக்கு அமெரிக்கா வரி போட்டுச்சு, ஒரு அளவு வரைக்கும் 20 சதவீதம், அதுக்கு மேல 50. சாம்சங் சவுத் கரோலினாவுலயும் எல்ஜி டென்னஸிலயும் ஃபேக்டரி வெச்சாங்க, வேர்ல்பூல் ஆள் எடுத்தாங்க, மொத்தம் 1,800 வேலை. ஓகே, வேலை வந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா பொருளாதார ஆளுங்க உக்காந்து கணக்குப் போட்டா, வெலை ஏறினதுல ஜனங்க கைலேந்து வருஷத்துக்கு 150 கோடி டாலர் போயிருக்கு, வரில அரசாங்கத்துக்கு வந்ததக் கழிச்சும் ஒரு வேலைக்கு 8 லட்சம் டாலருக்கு மேல. இதுல காமெடி என்னன்னா டிரையருக்கு வரியே கெடையாது, ரெண்டையும் ஜோடியாத்தான் வாங்கறாங்கன்னு கடைக்காரன் அதையும் ஏத்திட்டான். ஸ்டீலுக்கு வரி போட்டா ஸ்டீல் மில்லுக்கு வேலை, ஸ்டீல் வாங்கி கடையற என்ன மாதிரி ஆளுக்கு அந்த ஊர்ல என்ன கதின்னு யோசிச்சுப் பாருங்க.

மூணாவது காசு. இதுலதான் சொல்ல நெறைய இருக்கு, நம்ம கதையும் இதுலதான் மாட்டுது.

நோக்கியாவ எடுத்துக்கோங்க. ஜெர்மனில போக்கும் (Bochum)ங்கற ஊர்ல ஃபேக்டரி, லாபத்துலதான் ஓடிட்டிருந்துச்சு, அரசாங்கத்துகிட்ட சுமார் 8.8 கோடி யூரோ மானியம் வேற வாங்கியிருந்தாங்க. 2008 ஜனவரில திடீர்னு மூடறோம், ருமேனியாவுல குளூஜ் போறோம்னாங்க, 2,300 பேர் ரோட்டுக்கு வந்தாங்க. அரசியல்வாதிங்க கோவத்துல இனிமே நோக்கியா போனே வேணாம்னாங்க, மாநில அரசு காசைத் திருப்பிக் குடுன்னு சண்டை போட்டுச்சு, கடைசில 2 கோடி யூரோவுக்கு செட்டில்மென்ட். குளூஜ்காரன் கொண்டாடினான் பாவம், மூணு நாலு வருஷத்துல அங்கயும் மூடிட்டாங்க, வேலை ஆசியாவுக்கு வருதுன்னாங்க. ஆசியான்னா அதுல நம்ம ஸ்ரீபெரும்புதூரும் ஒண்ணு, 2006ல தொறந்த எடம், எங்க சித்தப்பா பொண்ணு கூட கம்பெனி பஸ்ஸுல அங்கதான் போயிட்டிருந்தா. அப்புறம் இங்க வரி வழக்கு, சொத்து முடக்கம், அதனால மைக்ரோசாஃப்ட் நோக்கியாவ வாங்கினப்ப இந்த ஃபேக்டரிய மட்டும் சேத்துக்க முடியல, ஆர்டர் நின்னுச்சு, 2014 நவம்பர்ல மூடிட்டாங்க. ஜெர்மனில அரசியல் புடிச்சு வெக்கப் பாத்தும் முடியல, இங்க புடிச்சு வெக்கறதா நெனச்சு கழுத்தப் புடிச்ச மாதிரி ஆயிடுச்சு.

காசு குடுக்கறதுலயும் ரெண்டு ரகம் இருக்கு, வாக்குறுதிக்குக் குடுக்கறது ஒண்ணு, செஞ்சு காட்டினாத்தான் குடுக்கறது இன்னொண்ணு. 2017ல அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலம், ஐபோன் செய்யற தைவான் கம்பெனி ஃபாக்ஸ்கானுக்கு சுமார் 300 கோடி டாலர் தரேன்னுச்சு, அவங்க 13,000 வேலைன்னாங்க. 2021ல ஒப்பந்தத்த மாத்தி எழுதும்போது அது 1,454 வேலை, 8 கோடி டாலர்னு சுருங்கிப் போச்சு. ஆள் எடுத்தாத்தான் காசுன்னு எழுதி வெச்சதால மாநிலம் தப்பிச்சுது, முன்கூட்டியே கடன் வாங்கி நெலம் எடுத்து ரோடு போட்டுக் குடுத்த உள்ளூர் கிராமம்தான் மாட்டிகிச்சு. நம்ம பிஎல்ஐ, அதாவது உற்பத்திக்கு ஏத்த மாதிரி அரசாங்கம் ஊக்கத்தொகை குடுக்கற திட்டம், 2020ல வந்தது அந்த ரெண்டாவது ரகம், மொபைல்ல கூடுதலா வித்த மதிப்புக்கு 4லேந்து 6 சதவீதம், விக்கலன்னா ஒண்ணும் கெடையாது. அதுல கொறை என்னன்னா வேலைய எண்ணல, வித்தத எண்ணினாங்க, பாதி பார்ட்ஸ் வெளிலேந்து வந்து இங்க கோத்தாலும் கணக்கு கணக்குதான். ஆனாலும் பெங்களூருக்கு வெளில ஐபோன் செய்யற நரசாபுரா, தேவனஹள்ளி பக்கம் காலைல ஷிஃப்ட் பஸ் வரிசைய பாத்தவங்க இத வேஸ்ட்னு சொல்ல மாட்டாங்க, நானும் சொல்ல மாட்டேன். 2025 மே மாசம் தோஹாவுல நின்னுகிட்டு டிரம்ப், இந்தியாவுல ஃபேக்டரி கட்டாதேன்னு ஆப்பிள் சிஇஓ டிம் குக்கிட்ட சொன்னேன்னாரு பாருங்க, அவங்க ஊர்ல அது வேலைய காப்பாத்தற பேச்சு, தேவனஹள்ளி பிஜில தங்கியிருக்கற தர்மபுரிப் பொண்ணுக்கு அது என்ன பேச்சு?

கடைசி, பூட்டு, அதாவது கம்பெனி இஷ்டத்துக்கு மூடிட்டுப் போக முடியாதபடி சட்டம் போடறது. நம்ம நாட்டுலயும் பூட்டு இருக்கு. 1976ல கொண்டு வந்தாங்க, பெரிய ஃபேக்டரிய மூடணும்னா அரசாங்கத்துகிட்ட பர்மிஷன் வாங்கணும், 100 பேர்னு இருந்த வரம்பு புது லேபர் சட்டத்துல 300. நடந்தது என்னன்னு பீன்யாவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, 99 பேரோட ஒரு கம்பெனி, பக்கத்துலயே மச்சினன் பேர்ல இன்னொண்ணு, மீதி எல்லாம் காண்டிராக்ட். பர்மிஷன் வராதுன்னா கரண்ட் பில்லைக் கட்டாம சும்மா சாக விடறது.

ஜெர்மனில வோக்ஸ்வாகனுக்குன்னே 1960லேந்து தனிச் சட்டம். ஃபேக்டரி தொறக்கவோ எடம் மாத்தவோ, மேனேஜ்மென்ட்ட கண்காணிக்கற சூப்பர்வைசரி போர்டுல மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும், அந்த 20 சீட்டுல பாதி தொழிலாளிங்க, லோயர் சாக்ஸனி மாநிலத்துக்கு 20 சதவீத ஓட்டுரிமையும் போர்டுல ரெண்டு சீட்டும் இருக்கு. 2024ல ஜெர்மனிலயே ஃபேக்டரி மூடுவோம்னு மேனேஜ்மென்ட் கெளம்பினப்ப டிசம்பர் வரைக்கும் இழுத்து, 2030க்குள்ள 35,000 வேலை கொறையும், ஆனா வலுக்கட்டாயமா யாரையும் வீட்டுக்கு அனுப்பறதில்லன்னு முடிஞ்சுது. ஜெயிச்சாங்கன்னு சொல்ல முடியாது, 35,000 சின்ன நம்பரா? ஆனா கேரியர் ஆளுங்களுக்கு சேதி வந்தது முடிவெடுத்து முடிச்சப்புறம், இங்க முடிவு எடுக்கற ரூம்லயே இவங்க உக்காந்திருந்தாங்க. நம்ம சட்டத்துல சாவி லேபர் செக்ரட்டரி மேசைல, அங்க சாவில பாதி வேலை செய்யறவன் பாக்கெட்ல. என் ஓட்டு இதுக்குத்தான். சீக்கிரம் வேணும்னா செஞ்சு காட்டினா காசு, வரி மூணாவது எடம், போன் போடறது கடைசி.

இதையெல்லாம் குமாரண்ணன்கிட்ட அரை மணி நேரம் வெளக்கினேன். டீ ஆறிப் போச்சு. "பிடு குரு" (விட்டுத் தள்ளுப்பா) ன்னாரு, "நைட் ஷிஃப்ட் நிறுத்துனியே, பசங்ககிட்ட எப்ப சொன்ன?"

சாயங்காலம் ஆறு மணிக்கு, வாட்ஸ்அப்ல. எட்டு மணி ஷிஃப்டுக்கு. மூணு பேர், ரெண்டு பேர் ஒடிசா, ஒருத்தன் கிருஷ்ணகிரி. மூணு பேரும் "ஓகே சார்"னு போட்டாங்க, கிருஷ்ணகிரிப் பையன் மட்டும் அப்புறம் தனியா கேட்டான், "நாளைக்கு வரலாமா சார்?"