போர் தண்ணீருக்கு ஆர்ஓ ஓகே, சர்வீஸ்தான் தலைவலி

வேளச்சேரி பக்கம் போர் தண்ணீரை நம்பியிருக்கிற வீடு எங்களுடையது, டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவு) மீட்டரை விட்டால் ஆயிரத்தைத் தாண்டுகிறது, டீயில்கூட உப்பு தெரியும், அதனால்தான் தண்ணீரைச் சுத்திகரிக்கிற இந்த ஆர்ஓ மெஷினை வாங்கினோம். வாங்கிய வேலையை நன்றாகவே செய்கிறது. முதல் ஃபில்டர் மண்ணையும் துருவையும் பிடிக்கும், அடுத்து கார்பன், வாடையையும் குளோரினையும் எடுக்கும் (குளோரின் போனால்தான் மெம்பிரேன், அதாவது உப்பை வடிகட்டுகிற மெல்லிய சவ்வு, பிழைக்கும்), அப்புறம் பம்ப் அழுத்தித் தள்ளும்போது தண்ணீர் மட்டும் மெம்பிரேனைத் தாண்ட, உப்பு பெரும்பாலும் இந்தப் பக்கமே நின்றுவிடும். கடைசியில் யூவி விளக்கு, மிச்சக் கிருமிக்கு.

ஆனால் ஒரு லிட்டருக்கு சுமார் மூன்று லிட்டர் வெளியே போகிறது. பக்கெட்டில் பிடித்து பாத்ரூம் கழுவுகிறோம். செடிக்கு ஊற்றாதீர்கள், அத்தனையும் உப்பு.

சர்வீஸ் மோசம். ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) கட்டியும் போனை எடுப்பதில்லை, வருகிறவரோ திறந்துகூடப் பார்க்காமல் "மெம்பிரேன் போச்சு சார்" என்கிறார். மீட்டர் சில நூறு ரூபாய்தான், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சுத்தமான தண்ணீரில் எண் ஏறியிருந்தால் மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

மெட்ரோ தண்ணீர் (சென்னைக் குடிநீர் வாரியத்தின் தண்ணீர்) வருகிறவர்களுக்கு இது தேவையா? 500-க்குக் கீழே காட்டினால் யூவி மெஷினே போதும் என்பேன், இந்தியத் தரத்தில் குடிநீருக்கு ஏற்கத்தக்க டிடிஎஸ் அளவும் அதுதான். அதற்காக மீட்டரைப் பார்த்துவிட்டு அப்படியே குடிக்காதீர்கள். அது கிருமியைக் காட்டாது, டைபாய்டும் காலராவும் 80 காட்டுகிற தண்ணீரிலும் வரும்.