ஒயில் கூலர் ஹோஸ் மாத்தி ரெண்டு வருசம், மட்டை இன்னும் காருக்குக் கீழதான்

நேத்து இரவு மச்சான் ஒருத்தன் மெசேஜ் போட்டவன். தெகிவளையில ஒரு பழைய பென்ஸ் 300டி விலைக்கு வந்திருக்காம், சனிக்கிழமை பாக்கப் போறானாம், "நீ ஒயில் கூலர் ஹோஸ் மாத்தினனி தானே, நல்லமா, எவ்வளவு முடிஞ்சது" எண்டு கேட்டான். இஞ்சின் ஒயிலை ஆறவைக்கிற கூலருக்குப் போய் வாற ரப்பர் குழாய்தான் அந்த ஹோஸ். ஒரு வரியில பதில் போட வெளிக்கிட்டு மூண்டு தரம் அழிச்சிட்டன், அதால ஆறுதலா இருந்து எழுதுறன்.

என்டதும் அதே பென்ஸ்தான், டபிள்யூ 123 எண்டுற மொடல், 1984, அஞ்சு சிலிண்டர் டீசல். இஞ்சினைப் பத்தி நான் சொல்லி ஆருக்கும் புதுசா ஒண்டும் தெரியப்போறதில்ல. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினாப் பிறகு விக்கிற யோசினையையே விட்டிட்டன், வித்துப்போட்டு அப்ப எதை வாங்குறது?

கரைச்சல் தொடங்கினது 2022ல. எரிபொருள் தட்டுப்பாட்டில க்யூஆர் கோட் காட்டி அளந்து வாங்கின காலம், காருக்கு கிழமைக்கு 20 லிட்டர், கார் முக்காவாசி நாள் வெள்ளவத்தையில எங்கட பிளட்ஸுக்குக் கீழ ஒரே இடத்தில நிண்டது. எப்பவாவது ஓடிட்டு வந்து விட்டா விடிய எழும்பிப் பாக்கேக்க டைல்ஸில உள்ளங்கை அளவுக்குக் கறுப்பு. கீழ் வீட்டு அன்டி படியில கண்டவுடன "தம்பி, உங்கட கார் திரும்பவும் ஒண்டுக்குப் போயிட்டுது" எண்டுவா. அண்டைக்கு ஃப்ரிட்ஜ் வந்த பெட்டியைப் பிரிச்சு மட்டையைக் கீழ போட்டனான்.

எங்க லீக் எண்டு கண்டுபிடிக்கவே ஒரு மாசம் போயிட்டுது. கராஜுக்குக் கொண்டுபோனா மெக்கானிக் பாஸ் ஸ்டார்ட் பண்ணிப் பாத்திட்டு "ஐயா, காஞ்சுபோய்க் கிடக்கு, ஒண்டுமில்ல" எண்டுவார். பேந்துதான் விளங்கினது. ஒயில் ஃபில்டர் இருக்கிற இடத்தில ஒரு தெர்மோஸ்டாட் இருக்குது, ஒயில் நல்லா சூடானாத்தான் அது திறந்து ரேடியேட்டருக்குப் பக்கத்தில இருக்கிற கூலருக்கு ஒயிலை விடும். அப்ப வெள்ளவத்தை மாக்கட்டுக்குப் போய் வந்தா ஒண்டும் காட்டாது, காலி வரைக்கும் ஹைவேயில ஓடிட்டு வந்து உடன கீழ குனிஞ்சு பாத்தாத்தான் ஹோஸும் இரும்பு மூடியும் சேருற இடத்தில வேர்க்கிறது தெரியும். எங்கட பக்கம் கடல் உப்புக் காத்து வேற, அந்த இரும்பு மூடி தொட்டா உதிருற அளவுக்குத் துரு.

பாஸ் அண்டைக்குச் சொன்னதுதான் எனக்கு வயித்தைக் கலக்கினது. சொட்டுறது பரவாயில்லையாம், ஹோஸ் வெடிச்சா ஆறு லிட்டருக்கு மேல இருக்கிற ஒயிலை பம்ப்பே வெளிய ஊத்திவிட்டிடும், ஒயில் பிரஷர் கேஜ் முள்ளு விழுந்தது தெரிஞ்சா லேன் மாத்தி ஓரத்துக்குப் போவம் எண்டெல்லாம் யோசிக்கக்கூடாது, அந்த இடத்திலேயே இஞ்சின் ஓஃப்.

கொழும்பில வாகனச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு கடையில பழைய இரும்புப் பைப் முனைகளை வச்சுக்கொண்டு நடுவில புது ஹைட்ரோலிக் ஹோஸ் பிரெஸ் பண்ணித் தந்தாங்கள். "இது மண் அள்ளுற பெக்கோவுக்குப் போடுறது ஐயா, 200 பார் பிரஷர் தாங்கும்" எண்டு பெருமையா சொன்னாங்கள், நானும் பெருமையா வாங்கிக்கொண்டு வந்தன். இப்ப நினைச்சாச் சிரிப்பு வருது. டாஷ்போட்டில இருக்கிற ஒயில் கேஜே 3 பாரோட முடியுது, 200 பார் எனக்கு என்னத்துக்கு? இந்த ஹோஸுக்கு எதிரி பிரஷர் இல்ல, சூடு. சாதாரண ஹைட்ரோலிக் ஹோஸுக்கு 100 பாகைதான் எல்லை, நீளமா ஓடினா இஞ்சின் ஒயில் அதைத் தாண்டும். பதினாலு மாசத்தில ஹோஸ் காஞ்ச முருங்கைக்காய் மாதிரி விறைச்சு, அன்டி திரும்பவும் படியில நிண்டா. கடைக்காரரில கோவம் வந்ததுதான், ஆனா நியாயமாச் சொன்னா அவங்கட பிரெஸ் வேலையில ஒரு பிழையும் இல்ல, நான் ஒயிலுக்கு எண்டு சொன்னனே தவிர எவ்வளவு சூட்டு ஒயில் எண்டு வாய் திறக்கேல்ல, அவங்களும் கேக்கேல்ல. கேட்டிருக்கலாம் தானே, அதைத்தான் இன்னும் மனம் ஆறேல்ல.

ரெண்டாவது தடவை போட்டது ஜெனுயின், பென்ஸ் கொம்பனியின்ட சாமான். மச்சாளின்ட மகன் ஜேர்மனியில இருந்து வரேக்க சூட்கேஸில சொக்லேட்டுக்கும் உடுப்புக்கும் நடுவில வச்சுக் கொண்டந்தவன், அவன்ட சேட்டெல்லாம் ரப்பர் மணம். விலை உள்ளூர் வேலையைப் போல அஞ்சு மடங்கு. ஆனா வளைவு வளைவா அந்தந்த இடத்துக்கு அப்பிடியே போய் இருந்தது, எங்கயும் முட்டேல்ல, உரசேல்ல. கழட்டுறதுதான் சீவன் போற வேலை. கூலர் அலுமினியம், நட் இரும்பு, உப்புக் காத்தில ரெண்டும் ஒண்டா ஒட்டிப்போய்க் கிடந்தது. பாஸ் ரெண்டு நாள் துரு இளக்கிற ஒயில் அடிச்சு ஊற விட்டு, ஒரு ஸ்பேனரால கூலர் பக்கத்தைப் பிடிச்சுக்கொண்டு மற்றதாலதான் திருப்பினவர். ஒரு ஸ்பேனரோட பலத்தைக் காட்டினா அலுமினியப் புரி கையோட வரும், பேந்து கூலரும் தேட வேணும்.

ரெண்டு வருசமாச்சு. காலி, சிலாபம், ஒருக்கா யாழ்ப்பாணமும் போய் வந்தது. மட்டையில அந்த இடம் காஞ்சு கிடக்கு. காலம்பற பல்லுத் தீட்டிக்கொண்டு வந்து மட்டையைப் பாக்கிற சந்தோசம் இருக்கே, அதை வீட்டில ஒருத்தருக்கும் விளங்கப்படுத்த ஏலாது. போன மாசம் வேற மூலையில ஒரு புதுச் சொட்டு விழுந்திருக்கு, அது ஹோஸ் இல்ல, அதைப் பத்தி இப்ப கதைக்க மனமில்ல.

மச்சான், ஹோஸ் எண்டா பத்துக்குப் பத்து, யோசிக்காம ஜெனுயினைப் போடு. காரை வாங்காத. உண்மையாத்தான் சொல்லுறன், உனக்கு இந்த விசர் வேண்டாம். சரி, போய்ப் பாக்கிறதெண்டாலும் குளிர் இஞ்சினில பாத்து ஏமாறாத, விக்கிறவரை மறிச்சுக்கொண்டு ஒரு மணித்தியாலம் ஹைவேயில ஓட்டு, வந்து நிப்பாட்டின கையோட கீழ பார். டோர்ச் நீ கொண்டு வா, மட்டை நான் கொண்டு வாறன், எத்தனை மணிக்கு எண்டு மட்டும் சொல்லு.