றொட்வீலரா, அல்சேஷனா, ஊர் நாயா?

கல்லடிப் பக்கம் மதில் கட்டி கேற் போட்ட வீடுகள்ல இப்ப றொட்வீலர் கூடிட்டு. நாங்க நாய் எடுக்கக்குள்ள மச்சான் அதத்தான் எடுக்கச் சொன்னார், மச்சாள் அல்சேஷன் எண்டா, கடைசியா வந்தது ஊர்ப் பெட்டை ஒண்டு. ஏன் எண்டு கேட்ட ஆக்களுக்குத்தான் இது.

வடிவு, செலவு எல்லாம் தெரிஞ்ச கதைதான். காவலுக்கும் ஊர் நாய் குறைவில்ல, கடப்படியில ஒரு நிழல் தெரிஞ்சாலே தெருவையே எழுப்பிப் போடும்.

நான் பாத்தது ஒண்டே ஒண்டு. கடிச்சா எவ்வளவு காயம் வரும், அந்த நேரம் வீட்டில நிக்கிற ஆளால இழுத்துப் புடிக்க ஏலுமா? எது கூடக் கடிக்கும் எண்டு பாத்தா விடை வராது. அமெரிக்காவில 1979 தொடக்கம் 1998 வரைக்கும் நாய் கடிச்சு 238 பேர் செத்த கணக்க 2000ல ஒரு ஆய்வில போட்டாங்க, பாதிக்கு மேல பிட்புல் வகையும் றொட்வீலரும்தான், ஆனா எந்த இனத்தில எத்தின நாய் இருக்கெண்டு தெரியாம இனவாரியா கடி வீதம் சொல்ல ஏலாதெண்டும் அவங்களே எழுதியிருக்காங்க. நிறை மட்டும் பொய் சொல்லாது. ஆண் றொட்வீலர் 50, 60 கிலோ வரும், அல்சேஷன் 30 இலிருந்து 40, எங்கட பெட்டை 15 வந்தாப் பெரிசு. பகல்ல வீட்டில நிக்கிறது மாமியும் ரெண்டு புள்ளைகளும்தான், 50 கிலோ பாஞ்சா மாமி சங்கிலியோட சேந்து இழுபடுவா. சின்னப் புள்ளைட முகம் நாய்ட வாய் உயரத்திலதானே நிக்கும், அதால கடி விழுறதும் முகத்திலயும் கழுத்திலயும்தான்.

எங்கட சின்னவன் அதுட காதப் புடிச்சு இழுத்தா மூக்கச் சுருக்கி ஒரு உறுமல், பிறகு தன்ட பாட்டில எழும்பி மாமரத்தடிக்குப் போயிரும். எல்லா ஊர் நாயும் இப்பிடியெண்டு சொல்ல மாட்டன், குட்டி போட்ட நேரம் கிட்டப் போனா இதுவும் கடிக்கும்.

அல்சேஷன் புத்தியான நாய், ஆனா பின்னேரம் நடத்திக் கூட்டித் திரிய ஆள் வேணும். விடிஞ்சதிலிருந்து சங்கிலியில கிடந்தா எந்த நாயும் கடிநாயாகலாம். பிட்புல் நான் வளத்ததில்ல, பிரித்தானியா 1991லயே தடை செஞ்ச நாய் எண்டதோட விட்டிட்டன்.

தெருக்குட்டி எடுத்தா விசர் ஊசி முக்கியம், மூண்டு மாசத்தில போட்டு பிறகு வருசா வருசம். எது கடிச்சாலும் கோப்பித்தூள் அப்பாம, சவுக்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவிட்டு ஆசுபத்திரிக்கு ஓடுங்க.

பெரிய வளவு, நாயோட நிக்க ஒரு ஆள், ரெண்டும் இருந்தா அல்சேஷன் எடுக்கலாம். றொட்வீலர்தான் வேணுமெண்டா புள்ளைகள் கொஞ்சம் வளரட்டும் மச்சான்.