மறைந்த ஃபோல்டரைக் காட்ட வியூ மெனுவா, அட்ரிப்பா?

விண்டோஸ் 11-இல் ஆப்டேட்டா, புரோகிராம்டேட்டா போன்ற, புரோகிராம்கள் தங்கள் விவரங்களை வைக்கும் மறைந்த ஃபோல்டர்களைக் கண்ணில் காட்ட இரண்டு வழி உண்டு. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, ஹிடன் ஐட்டம்ஸ் என்று மூன்று கிளிக். இல்லையென்றால் கமாண்ட் பிராம்ப்டில், ஃபைலின் குறிகளை மாற்றும் அட்ரிப் என்ற கட்டளை. காட்டுவதற்கு இரண்டும் சுலபம்தான். திரும்ப மறைக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். அதனால் என் ஓட்டு வியூ மெனுவுக்கு.

வியூ மெனு ஃபைலைத் தொடுவதே இல்லை. டிஸ்க்கில் 'ஹிடன்' குறி அப்படியே இருக்கும். உங்கள் யூசர் கணக்கில் மட்டும் எக்ஸ்ப்ளோரர் அதையும் மங்கலான ஐகானோடு காட்டும். டிக்கை எடுத்தால் பழையபடி மறைந்துவிடும்.

அட்ரிப் அந்தக் குறியையே அழித்துவிடும். மைனஸ் எஸ் (சிஸ்டம் குறியை நீக்க), மைனஸ் ஹெச் (ஹிடன் குறியை நீக்க) இரண்டோடு ஸ்லாஷ் எஸ் (உள்ஃபோல்டர்களுக்கும்), ஸ்லாஷ் டி-யும் (ஃபோல்டர்களின் குறிக்கும்) சேர்த்தால் உள்ளே எத்தனை அடுக்கு இருந்தாலும் குறி போய்விடும். எதற்குக் குறி இருந்தது, எதற்கு இல்லை என்று எங்கும் பதிவாகாது. திரும்ப மறைக்க மொத்தமாக பிளஸ் ஹெச் போட்டால், வெளியே தெரியவேண்டியதும் சேர்ந்து மறையும். மைனஸ் ஆர்-உம் (ரீட்-ஒன்லி குறியை நீக்க) சேர்த்திருந்தால் இன்னொரு நஷ்டம். ஃபோல்டருக்கு வைத்த தனி ஐகான் விவரம் டெஸ்க்டாப் டாட் ஐஎன்ஐ என்ற ஃபைலில் இருக்கும். ஃபோல்டருக்கு ரீட்-ஒன்லி அல்லது சிஸ்டம் குறி இருந்தால்தான் விண்டோஸ் அதைப் படிக்கும். இரண்டும் போனால் எல்லாம் சாதா மஞ்சள் ஃபோல்டர்தான்.

அட்ரிப் தேவைப்படும் இடம், ஃபோல்டர்களை மறைத்து ஷார்ட்கட்டை வைத்துவிடும் வைரஸ் புகுந்த பென்டிரைவ். அது பெரும்பாலும் சிஸ்டம் குறியையும் போட்டுவைக்கும். ஹிடன் ஐட்டம்ஸ் டிக் அதற்குப் போதாது. முதலில் ஸ்கேன் செய்துவிட்டு, மைனஸ் எஸ், மைனஸ் ஹெச் இரண்டையும் ஒரே வரியில் கொடுங்கள். ஹெச் மட்டும் கொடுத்தால் 'நாட் ரீசெட்டிங் சிஸ்டம் ஃபைல்' என்று நின்றுவிடும்.

சிஸ்டம் குறி உள்ளதைப் பார்க்க மட்டும் என்றால், ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'ஹைட் புரொடக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற டிக்கையும் எடுக்கலாம், வேலை முடிந்ததும் மறுபடி போட்டுவிடுவதாக இருந்தால். எடுத்தவுடன் டெஸ்க்டாப்பில் இரண்டு டெஸ்க்டாப் டாட் ஐஎன்ஐ முளைக்கும். நகல் என்று நினைத்து அழிக்கவேண்டாம்: ஒன்று உங்களுடையது, மற்றது பப்ளிக் கணக்கின் டெஸ்க்டாப்பிலிருந்து வருவது. சி டிரைவில் தெரியும் 'டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' 'ஆக்சஸ் டினைடு' என்றால் அது கோளாறு அல்ல. பழைய புரோகிராம்களை யூசர்ஸ் ஃபோல்டருக்குத் திருப்பிவிடும் வெறும் வழிகாட்டி அது. ஓனர்ஷிப் மாற்றித் திறக்கப் போகாதீர்கள்.

ஆப்டேட்டா மட்டும் போதுமென்றால் இதில் எதுவுமே வேண்டாம். விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, இரு பக்கமும் சதவீதக் குறி வைத்து ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில் அடித்தால் அதன் உள்ளே இருக்கும் ரோமிங் ஃபோல்டர் நேராகத் திறக்கும். பிரவுசர் கேஷ் (பிரவுசரின் தற்காலிகச் சேமிப்பு) தேடுகிறவர்கள், சதவீதக் குறிகளுக்குள்ளேயே ஆப்டேட்டாவுக்கு முன்னால் இடைவெளி இல்லாமல் லோக்கல் சேர்த்து அடிக்கவேண்டும்.