பழைய டிங்கி, கார்கி பொம்மைக் கார்களைப் பிரிக்க மினி டிரில்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

போன வாரம்தான் என் மினி டிரில்லுக்குக் கார்பன் (சுழலும் மோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் கட்டை) மாற்றினேன். நான்கு ஆண்டுகளில் இது இரண்டாவது ஜோடி. மாற்றி முடித்த கையோடு ஒரு நண்பர் கேட்டார்: "பழைய டைகாஸ்ட் (அச்சில் உலோகம் வார்த்த) பொம்மைக் கார்களைப் பிரித்துப் புதுப்பிக்க இதே மெஷினை வாங்கலாமா?" பதில் ஒரு வரியில் அடங்கவில்லை, அதனால் இந்தப் பதிவு.

135 வாட், நிமிடத்துக்கு 8,000 முதல் 33,000 சுற்று, 3.2 மி.மீ. காலெட் (பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் குழல்). கடைக்குக் கடை பெயர் மாறினாலும் எல்லாரும் பார்த்திருக்கும் அதே வகைதான். மோட்டாரைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. எனக்கு எரிச்சல் மூட்டுவது ஒன்றே ஒன்று: அந்த 8,000. இதற்குக் கீழே வேகம் இறங்காது. நமக்கு அதிகம் தேவைப்படுவதோ அதற்குக் கீழேதான்.

லிவர்பூல் பின்ஸ் ரோட்டில் வார்த்த டிங்கியோ, ஸ்வான்சியில் வார்த்த கார்கியோ, கிழக்கு லண்டனில் லெஸ்னி வார்த்த மேட்ச்பாக்ஸோ, எதிலும் பொதுவாக ஸ்குரூ இருக்காது. பாடியோடு சேர்த்து வார்த்த துத்தநாகக் கம்பம் அடித்தகட்டின் ஓட்டை வழியே வெளியே வந்து, தலை நசுங்கி ரிவெட்டாக நிற்கும். அந்தத் தலையை எடுத்தால்தான் கண்ணாடி, சீட், ஆக்சில் எல்லாம் வெளியே வரும். தலை குவிந்திருப்பதால் 8,000 சுற்றில் பிட் நுனி அதில் நிற்காமல் வழுக்கி, அடித்தகட்டில் எழுதியிருக்கும் எழுத்தின் மேல் கீறிக்கொண்டு ஓடும். டிங்கியைச் செய்த 'மெக்கானோ லிமிடெட்' என்ற பெயரின் எழுத்தில் விழுந்த கீறலை எந்தப் பெயின்ட்டாலும் மறைக்க முடியாது. தப்பித்துத் துளை விழுந்தாலும், சூட்டில் இளகும் துத்தநாகச் சீவல் பிட்டின் பள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் பிட் வெட்டாது, உரசும். அழுத்தினால் கடித்து இழுத்துக் கம்பத்தையே பிளந்துவிடும்.

காலெட் இன்னொரு தலைவலி. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பிட்களின் தண்டு 3.0 மி.மீ.; 3.2 காலெட் அதை முழுசாகப் பிடிக்காது. கூடவே தரும் சாவியில்லாத சக்கில் மாட்டினால் நுனி கண்ணுக்குத் தெரியும்படி ஆடும். 1.6 மி.மீ. துளை கேட்டால் அகன்று போகும். திரும்ப மூடப் போடும் எம்2 (2 மி.மீ.) ஸ்குரூவின் மரை அதில் நிற்காது. நகைப்பட்டறையில் புழங்கும் 2.35 மி.மீ. தண்டு பிட்களை 2.4 காலெட்டில் மாட்டினால் ஆட்டம் ஏறக்குறைய இல்லை. இதைப் பெட்டியிலேயே அச்சடித்திருக்கலாம்.

ஆகவே ரிவெட் வேலைக்கு மெஷினை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் செய்வதே சரி. தலையின் குவிவை ஊசி அரத்தால் தட்டையாக்கவும். நடுவில் சென்டர் பஞ்ச் லேசாக ஒரு தட்டு. பின் வைஸில் (கையால் திருகும் சிறு பிட் பிடிப்பான்) 1.5 மி.மீ. பிட் போட்டு, ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, 2 மி.மீ. ஆழம் கையாலேயே திருகவும். பிறகு 4 மி.மீ. பிட்டைக் கையால் சுற்றி, நசுங்கிய விளிம்பை மட்டும் சீவினால் போதும். மெல்லிய வளையமாக அது கழன்று வரும். அடித்தகட்டு தானாகத் தளரும். நெம்பக் கூடாது, நெம்பினால் தகடு வளையும். திரும்ப மூட, கம்பத்தில் 1.6 மி.மீ. துளை 5 மி.மீ. ஆழத்துக்கு. பிட்டில் ஒட்டும் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளாவிட்டால் பானெட் வழியே வெளியே வந்துவிடும். எம்2 டேப்பை (மரை வெட்டும் கருவி) அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று ஓட்டி, 4 மி.மீ. நீள ஸ்குரூ போட்டால் முடிந்தது. ஒரு ரிவெட்டுக்கு இருபது நிமிடம். மெஷின் இருந்தும் இருபது நிமிடம் என்பதுதான் கடுப்பு.

கண்ணாடியிலும் இதே கதை. 1956-இல் கார்கி ஜன்னலோடு வந்ததிலிருந்து அந்தத் தெளிவான பிளாஸ்டிக் கீறலை எடுப்பது தனி வேலையாகிவிட்டது. இந்த வேகத்தில் ஃபெல்ட் சக்கரம் தொட்டால் மூன்று நொடியில் பிளாஸ்டிக் உருகிக் கலங்கும். 2000, 3000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, கடைசியில் பருத்தித் துணியில் பிராசோ (உலோகம் மினுக்கும் பாலிஷ்). அதுவும் கையால்தான்.

நியாயமாகச் சொல்வதென்றால், ஆக்சில் வெட்டுவதில் இதற்கு ஈடில்லை. துருப்பிடித்து இறுகிய எஃகு ஆக்சிலின் தட்டிய முனையை வெட்டுத்தகட்டால் இரண்டு நொடி தொட்டு, ஆறவிட்டு, மறுபடி தொட்டால் சக்கரம் சேதமின்றிக் கழன்று வரும். கட்டிங் பிளையரால் கடித்தால் அந்த அதிர்ச்சியில் சக்கரக்கூட்டின் விளிம்பு உடைந்துவிடும். சக்கர வளைவின் உள்ளே பூத்திருக்கும் வெள்ளை ஆக்சைடை நைலான் பிரஷ் ஒரு நிமிடத்தில் சுத்தம் செய்துவிடும். பழைய பெயின்ட்டை மட்டும் இப்படி உலர்வாகத் தேய்க்காதீர்கள். அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயம் உண்டு, தூளாகி மூக்கில் ஏறும். பெயின்ட் ரிமூவர் தடவி ஈரமாகவே எடுக்கவும். காஸ்டிக் சோடா வேண்டாம். துத்தநாகத்தை அரித்துக் கறுப்பாக்கும்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கிகளின் அருகில் இந்த மெஷினைக் கொண்டே போகக் கூடாது. துத்தநாகத்தில் ஈயம் கலந்துபோனதால் உலோகத்தின் உள்ளேயே அரிப்பு பரவி, வார்ப்பு வீங்கி, மயிரிழை விரிசல் விட்டிருக்கும். அதற்கு மருந்து கிடையாது. அதிர்வு பட்டால் கையிலேயே உதிரும்.

கல்கத்தாவில் டிங்கியின் அச்சுகளை வாங்கி வார்த்த நிக்கி டாய்ஸ் கார்களுக்கு வேறு கவனம் வேண்டும். தேய்ந்த அச்சு, அதனால் இணைப்புக் கோட்டில் பிசிறு அதிகம். மெஷின் கையில் இருந்தால் அதை மழமழவென்று சீவிவிடத் தோன்றும். சீவாதீர்கள். அந்தப் பிசிறுதான் அந்த வார்ப்பின் அடையாளம். எடுத்துவிட்டால் மறுபெயின்ட் அடித்த டிங்கிபோல நிற்கும்.

கார்பன் பற்றி: பாதிக்கு மேல் தேய்ந்ததும் மாற்றிவிடவும். ஸ்பிரிங் கம்யூட்டேட்டரில் (கார்பன் தொட்டு ஓடும் செப்பு உருளை) உரச விட்டால் மோட்டார் போய்விடும். புதிதை மாட்டியதும் சுமை இல்லாமல் குறைந்த வேகத்தில் ஐந்து நிமிடம் ஓட்டவும். காற்றுத் துளைகளில் துத்தநாகத் தூள் அடைந்திருக்கும், பிரஷால் தட்டிவிடவும்.

நான்கு ஆண்டு உழைத்திருக்கிறது, ஒரு முறையும் பாதியில் நின்றதில்லை, கார்பன் எந்தக் கடையிலும் கிடைக்கிறது. இருந்தும் நண்பருக்குச் சொன்னது: வாங்காதீர்கள். ஐந்துக்கு இரண்டு. முதலில் நல்ல பின் வைஸ், எம்2 டேப், ஊசி அர செட். பத்துக் கார் பிரித்தபின் ஆக்சில் வெட்ட மெஷின் தேவைப்பட்டால், 5,000 சுற்றுக்குக் கீழே இறங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் அந்தச் சாவியில்லாத சக்கைக் கழற்றிவிட்டு 2.4 காலெட்டை மாட்டுங்கள்.