வேலியோரம் நடந்தவர்களும் வீட்டுக்குள் மறைத்தவர்களும்

எங்கள் வாசகர் வட்டத்தில் ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பெண் ஒருவரின் புத்தகத்தை எடுக்கலாம் என்று முடிவானபோது, இரண்டு பெயர்கள் மிஞ்சின. டோரிஸ் பில்கிங்டன் கரிமாராவின் 'ஃபாலோ த ரேபிட்-ப்ரூஃப் ஃபென்ஸ்' (1996), சாலி மார்கனின் 'மை ப்ளேஸ்' (1987). நான் இரண்டாவதற்குத்தான் கை தூக்கினேன்.

பின்னணி இரண்டுக்கும் ஒன்றே. மேற்கு ஆஸ்திரேலியாவின் 1905-ம் ஆண்டுச் சட்டம், பூர்வகுடிக் குழந்தைகளுக்குக் காப்பாளராக ஓர் அரசு அதிகாரியை உட்கார வைத்தது. வெள்ளைத் தகப்பனுக்குப் பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து விடுதிகளில் அடைத்தார்கள். வளர்ந்ததும் வீட்டு வேலைக்கும் பண்ணை வேலைக்கும் அனுப்பினார்கள்.

முதல் புத்தகத்தின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 2002-ல் படமாகவும் வந்தது. 1931-ல் ஜிகலாங்கிலிருந்து பிடித்துப் போகப்பட்ட மூன்று சிறுமிகள், மூர் ரிவர் முகாமிலிருந்து தப்பி, முயல்கள் பரவாமல் தடுக்க மாநிலம் நெடுகப் போட்டிருந்த வேலியை வழிகாட்டியாகக் கொண்டு சுமார் 1,600 கிலோமீட்டர் நடந்தே ஊர் திரும்பப் பார்க்கிறார்கள். ஒருத்தி வழியில் பிடிபடுகிறாள். மூத்தவள் மோலி, எழுதியவரின் அம்மா. சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் படிக்கலாம். அந்தக் காப்பாளர் பதவியில் இருந்த நெவில் காலத்து அரசுக் கடிதங்களும் தந்திகளும் கதைக்கு நடுவே அப்படியே வருகின்றன. குழந்தைகளைத் தேடுவதைச் சரக்குக் கணக்கு மாதிரி எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கங்களுக்காகவே இதைப் படிக்கலாம்.

ஆனால் மற்ற இரண்டு சிறுமிகளும் வீடு சேர்ந்ததும் நமக்கு ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. எனக்கு அதுதான் உறுத்தியது. மோலியை 1940-ல் மறுபடி அதே முகாமுக்குக் கொண்டுபோனார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் மறுபடியும் நடந்தார்; மூத்த மகள் டோரிஸை விட்டுவிட்டுத்தான் போக முடிந்தது. பிறகு அந்தக் கைக்குழந்தையையும் பறித்துக்கொண்டார்கள். இதெல்லாம் கடைசியில் சில பத்திகளோடு முடிகிறது.

'மை ப்ளேஸ்' அந்த நிம்மதியைத் தருவதில்லை. பெர்த் புறநகரில் வளரும் சாலியிடம், பள்ளியில் கேட்டால் இந்தியர்கள் என்று சொல்லிவிடு என்று அம்மா சொல்லிக் கொடுக்கிறார். நம்மூர்க்காரர்களுக்குச் சுருக்கென்று தைக்கும் இடம். பதின்வயதில்தான் பாட்டி டெய்சி பூர்வகுடிப் பெண் என்பது சாலிக்கு உறைக்கிறது. கேட்டால் பாட்டி வாய் திறப்பதில்லை. அரசாங்கத்து ஆள் என்றாலே அவருக்கு நடுக்கம். வாடகை வாங்க வருபவருக்குக்கூட டீயும் கேக்கும் கொடுத்து உபசரிப்பார், வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடக் கூடாதே என்று.

என்னை முடிவெடுக்க வைத்தது இந்த வாய்மூடல்தான். குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு போன அதிகாரி ஓய்வு பெற்று, சட்டமே மாறின பிறகும் அவர் போட்ட பயம் அடுக்களையில் குடியிருக்கிறது. பாட்டியின் அண்ணன் ஆர்தர், தன் கதையைத் தானாகவே ஆசையோடு டேப்பில் பேசுகிறார். அடுத்து அம்மா கிளாடிஸ்: சின்னக் குழந்தையாகவே விடுதியில் விடப்பட்டவர், ஏனென்றால் பாட்டி வேலை பார்த்த வெள்ளைக்காரர் வீட்டில் அவர் பிள்ளைக்கு இடமில்லை. கடைசியில் பாட்டியும் பேசுகிறார், பாதி மட்டும். மீதி என்னோடு போகட்டும் என்று விட்டுவிடுகிறார். பேத்தியும் அந்த வெற்றிடத்தைக் கற்பனையால் நிரப்பவில்லை. சொல்லாமல் இருக்கும் உரிமை ஒன்றாவது அந்தக் கிழவிக்கு மிஞ்சட்டுமே.

குறையும் உண்டு. முதல் நூறு பக்கம் மெதுவாகத்தான் நகரும். வெள்ளை வாசகர்களுக்கு எளிதாகச் செரிக்கிற மாதிரி எழுதப்பட்டது என்று பூர்வகுடி எழுத்தாளர்களே விமர்சித்திருக்கிறார்கள். அதில் நியாயம் இருக்கலாம். வெளியிலிருந்து படிக்கிற நான் அதை எடைபோடும் இடத்தில் இல்லை.

ஒரே வாரத்தில் படித்து முடிக்க வேண்டும் என்றால் வேலிக் கதையை எடுங்கள். அவகாசம் இருந்தால் 'மை ப்ளேஸ்'. ஆரம்பம் இழுத்தால் ஆர்தர் பேசும் பகுதியை முதலில் படித்துவிட்டு, அப்புறம் முதல் பக்கத்துக்கு வரலாம். ஒன்றும் கெட்டுவிடாது.